விரல் எங்கே, எப்போது: கிட்டார் டேப்பும் கனடாவின் ராக் இசையும்

2, 4, 4, 3, 0, 0.

நண்பர்களே, கிட்டார் கையில் உள்ளவர்கள் இந்த ஆறு எண்களையும் தடித்த தந்தியில் தொடங்கி மெல்லிய தந்தி வரை வரிசையாகப் பிடித்துப் பாருங்கள். ஆறாம் தந்தியில் இரண்டாவது ஃப்ரெட். ஐந்திலும் நான்கிலும் நான்காவது ஃப்ரெட். மூன்றாம் தந்தியில் மூன்றாவது. மிச்சமுள்ள இரண்டையும் அழுத்தாமல் விட்டுவிட்டு ஒரே இழுப்பில் மீட்டுங்கள். ரஷ் என்ற கனடா நாட்டுக் குழு 1978-இல் வெளியிட்ட 'ஹெமிஸ்ஃபியர்ஸ்' இசைத்தட்டைத் தொடங்கிவைக்கும் கார்டு இது. வாசித்தவர் அலெக்ஸ் லைஃப்சன். பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிறந்து டொராண்டோவில் வளர்ந்தவர்.

இதே கார்டை ஐந்து கோட்டு மேற்கத்திய ஸ்வரக்குறிப்பில் எழுதினால் ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு புள்ளிகள் நிற்கும். அதற்கு இசை இலக்கணம் வைத்திருக்கும் பெயரைச் சொல்லி முடிக்கவே ஒரு மூச்சு வேண்டும். தந்திகளைக் கோடுகளாகவும் ஃப்ரெட்டுகளை எண்களாகவும் எழுதும் டேப்பில் பார்த்தால் ஆறு மாதம் பழகிய மாணவருக்கே விஷயம் தெரிந்துவிடும். எல்லோரும் பிடிக்கிற சாதாரண எஃப் ஷார்ப் பாரே கார்டு. ஆள்காட்டி விரல் மட்டும் கடைசி இரண்டு தந்திகளைவிட்டு எழுந்துகொண்டது. அவ்வளவுதான். அந்த இரண்டு தந்திகளும் தம் இயல்பான சத்தத்தோடு கார்டின் உச்சியில் ஒலிக்க, கனமான ராக் கார்டுக்குள் வெளிச்சம் புகுந்துவிடுகிறது. லைஃப்சன் அதை எப்படிக் கண்டடைந்திருப்பார் என்பதைக்கூட அந்த எண்களிலிருந்து ஊகிக்க முடிகிறது.

டேப் என்ன செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. அது கையை எழுதிவைக்கிறது. எந்த ஒலி வந்தது என்பதை ஸ்வரக்குறிப்பு சொல்கிறது. அந்த ஒலிக்காக ஒரு மனிதரின் விரல்கள் எங்கே இருந்தன என்பதை டேப் சொல்கிறது. கிட்டாரில் இந்த வேறுபாடு சிறியதல்ல. பியானோவில் ஒரு ஸ்வரத்துக்கு ஒரே கட்டைதான். கிட்டாரில் அதே ஸ்வரம் மூன்று நான்கு இடங்களில் கிடைக்கும். ஒவ்வொரு இடத்திலும் அதற்கு வேறு குரல். எந்த இடத்தைத் தேர்ந்தார் என்பதில்தான் வாசிப்பவரின் கையொப்பம் இருக்கிறது.

டேப் என்றால் படிக்கத் தெரியாதவர்களின் குறுக்குவழி என்று நினைப்பவர்கள் நம்மிடையே நிறைய. அவர்களுக்காக ஒரு சரித்திரச் செய்தி. 1507-இல் வெனிஸ் நகரத்து பெத்ருச்சி தம் அச்சகத்தில் லூட் என்ற தந்திவாத்தியத்துக்கான இசைநூலை அச்சிட்டார். ஆறு கோடுகள், கோட்டின்மேல் எண்கள். 1536-இல் ஸ்பெயினின் வாலென்சியாவில் லூயிஸ் டி மிலான் வெளியிட்ட 'எல் மேஸ்த்ரோ'வும் எண்களால் ஆன டேப்தான். கிட்டாரின் உறவுக்காரியான விஹுவேலாவுக்கு எழுதப்பட்டது. மெல்லிய தந்தியை மேல்கோட்டில் வைக்கும் இன்றைய வழக்கம் மிலானின் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆக, அரசவைகளில் வாசித்த கலைஞர்களின் எழுத்துமுறை இது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பழைய நூல்களில் கோடுகளுக்கு மேலே சின்னச் சின்னக் கொடிகள் வரைந்திருப்பார்கள். ஒவ்வொரு ஸ்வரமும் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்று அவை சொல்லும். கணினி விசைப்பலகையின் கோடுகளாலும் எண்களாலும் ரசிகர்கள் தாங்களே டேப் தட்டச்சு செய்யத் தொடங்கியபோது அந்தக் கொடிகள் விழுந்துபோயின. விரல் எங்கே என்ற கேள்விக்குப் பதில் மிஞ்சியது. எப்போது என்ற கேள்விக்குப் பதில் காணாமல் போனது. இன்று நம் மாணவர்கள் டேப்பை வைத்துக்கொண்டு தடுமாறுவதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

கனடாவின் ராக் இசையைத் துணைக்கு அழைத்து இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. கையின் கதையும் காதின் கதையும் அந்த இசையில் அவ்வளவு தெளிவாகப் பிரிந்து தெரிகின்றன.

வின்னிபெக்கிலிருந்து தொடங்குவோம். கனடாவின் நடுவே, கோதுமைச் சமவெளியில் இருக்கும் நகரம். 1950-களின் கடைசியிலும் 60-களிலும் அங்கே பேட்டைக்குப் பேட்டை சமூகக் கூடங்கள் இருந்தன. வார இறுதியில் இளைஞர் நடனங்கள் நடக்கும். அவற்றில் வாசிக்க உள்ளூர்க் குழுக்கள் வேண்டியிருந்தன. இரவில் வானம் தெளிந்திருந்தால் தெற்கே வெகுதூரத்திலிருந்து அமெரிக்க வானொலி நிலையங்கள் கேட்கும். ஒரு பாட்டு ஒருமுறை ஒலிபரப்பாகும். திருப்பிப் போட வழியில்லை. அந்த மூன்று நிமிடத்துக்குள் பிடித்ததுதான் பாடம். ராண்டி பாக்மன், பர்ட்டன் கம்மிங்ஸ், டொராண்டோவில் பிறந்து அங்கே குடிவந்த நீல் யங் எல்லோரும் அந்தச் சூழலில் உருவானவர்கள்.

பாக்மனுக்கு இன்னொரு பாக்கியமும் வாய்த்தது. லென்னி பிரோ என்ற இளைஞர் குடும்பத்தோடு வின்னிபெக்கில் வந்து தங்கியிருந்தார். கட்டைவிரலால் பேஸ் வரியும் மற்ற விரல்களால் கார்டும் மெட்டும் ஒரே சமயத்தில் வாசிக்கக்கூடிய மேதை. பள்ளிப் பருவத்தில் அவர் வீட்டுக்குப் போய், பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பார்த்துப் பார்த்தே கற்றதாகப் பாக்மன் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். 1969-இல் அவர் எழுதிய 'அன்டன்' பாட்டைக் கேளுங்கள். ராக் குழுவின் பாட்டுக்குள் ஜாஸ் கார்டுகள் எந்த உறுத்தலும் இல்லாமல் நடமாடும். பிரோ வீட்டில் பார்த்த கை அது.

பாக்மன் இருந்த குழுவுக்கு முதலில் வேறு பெயர். 1965-இல் 'ஷேகின் ஆல் ஓவர்' என்ற ஆங்கிலப் பாட்டைப் பதிவுசெய்து வெளியிட்டபோது, இசைத்தட்டின் மேல் குழுவின் பெயரைப் போடாமல் 'கெஸ் ஹூ?' என்று மட்டும் அச்சிட்டார்கள். யாரென்று கண்டுபிடியுங்கள் என்று கேட்பதுபோல. கனடாக்காரர்கள் என்று தெரிந்தால் கனடா நாட்டு வானொலிகளே ஒலிபரப்பத் தயங்கும். பிரிட்டிஷ் குழுவாக இருக்குமோ என்று நினைத்தால் போடுவார்கள். சொந்த நாட்டில் கேட்கப்படுவதற்காகச் சொந்த முகத்தை மறைக்க வேண்டியிருந்தது. இதை எப்போது நினைத்தாலும் எனக்கு வலிக்கிறது. அந்தக் கேள்வியே பிறகு குழுவின் பெயராக நிலைத்துவிட்டது.

ஐந்தாண்டுகளில் நிலைமை தலைகீழானது. ஒண்டாரியோவில் ஒரு நிகழ்ச்சி. பாக்மனின் தந்தி அறுந்துபோனது. புதுத் தந்தியைப் போட்டுச் சுருதி சேர்த்துக்கொண்டிருக்கும்போது விரல்கள் தாமாக ஒரு சின்ன ரிஃப்பை வாசிக்கின்றன. கூட்டம் திரும்பிப் பார்க்கிறது. மற்றவர்கள் மேடைக்கு ஓடிவந்து சேர்ந்துகொள்கிறார்கள். பாடகர் கம்மிங்ஸ் அந்த இடத்திலேயே வார்த்தைகளைப் போட்டுப் பாடுகிறார். முன்வரிசையில் ஒருவர் திருட்டுத்தனமாக கேசட்டில் பதிவுசெய்துகொண்டிருந்தார். அந்த கேசட்டை வாங்கிக் கேட்டுத்தான் தாங்கள் வாசித்ததைத் தாங்களே மறுபடி கற்றோம் என்பது பாக்மன் சொல்லிவரும் கதை. 'அமெரிக்கன் வுமன்' என்ற அந்தப் பாட்டு 1970 மே மாதம் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. கனடா நாட்டு ராக் குழு ஒன்று அந்த இடத்தை எட்டியது அதுதான் முதல்முறை.

இப்போது அதன் டேப்பைப் பாருங்கள். ஒன்றரை வரிக்குள் அடங்கும் எண்கள். பதினைந்து நிமிடத்தில் விரல் பழகிவிடும். ஆனால் வீட்டில் வாசித்தால் அந்தப் பாட்டு வருவதில்லை. ஏன்? அதில் தேன் போல நீண்டு இழையும் ஒரு தடித்த ஒலி இருக்கிறது. வின்னிபெக்கில் ஆம்ப்ளிஃபயர் செய்து விற்றுவந்த கார் கில்லிஸ் என்ற தொழில்வல்லுநர் பாக்மனுக்காகச் செய்துகொடுத்த ஹெர்சாக் என்ற பெட்டியிலிருந்து வந்த ஒலி அது. உள்ளே வால்வுகள் கொண்ட ஒரு சிறிய ஆம்ப்ளிஃபயர். அதைத் தாங்கமுடியாத அளவுக்கு ஓட்டி, ஸ்பீக்கருக்குப் போகவேண்டிய மின்சாரத்தை ஒரு சுமைக்குள் இறக்கி, அந்தச் சிதைந்த ஒலியில் கொஞ்சத்தை மட்டும் எடுத்து வேறொரு பெரிய ஆம்ப்ளிஃபயருக்குள் அனுப்பினார். ஸ்வரம் அறுபடாமல் வயலினைப்போல் நீண்டது. பாக்மன் சிறுவயதில் கற்றது வயலின் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். கில்லிஸின் சாலிடரிங் இரும்பு எழுதிய பகுதியை எந்த எண்ணில் எழுதுவது? அந்த இடத்தில் டேப்பை மூடிவைத்துவிட்டு இசைத்தட்டைக் கேட்பது ஒன்றுதான் வழி.

அந்த வெற்றிக்கு அடுத்த ஆண்டு கனடா அரசு ஒரு விதி கொண்டுவந்தது. 1971 ஜனவரி முதல் ஏஎம் வானொலி நிலையங்கள் ஒலிபரப்பும் இசையில் 30 சதவீதம் கனடா நாட்டுடையதாக இருக்கவேண்டும் என்றது அந்த விதி. எது கனடா நாட்டுடையது? இசையமைப்பு, கலைஞர், பதிவு நடந்த இடம், பாடல்வரிகள் என்று நான்கு அளவுகோல்கள்; இரண்டு பொருந்தினால் போதும். கெஸ் ஹூவைப் போல முகத்தை மறைக்கும் தேவை அதன்பின் யாருக்கும் வரவில்லை. விதி விநோதமாகவும் வேலை செய்தது. நம் கல்லூரி விழாக்களில் 'சம்மர் ஆஃப் சிக்ஸ்டி நைன்' வாசிக்காத குழு உண்டா? அதைப் பாடிய பிரையன் ஆடம்ஸ் ஒண்டாரியோவில் பிறந்தவர். 1991-இல் அவர் வெளியிட்ட இசைத்தட்டின் பாட்டுகளை, வெளிநாட்டவர் ஒருவரோடு சேர்ந்து எழுதினார் என்பதால், கனடா நாட்டு இசை அல்ல என்று அந்த விதி தள்ளிவைத்தது. பெரிய சர்ச்சைக்குப் பிறகு விதியைத் திருத்தினார்கள். ஆனாலும் அந்த 30 சதவீதம் இல்லாமல் போயிருந்தால் இன்று நான் பேசும் பாதிப் பாட்டுகள் கேட்கப்படாமலே போயிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நீல் யங்குக்கு வருவோம். 1969-இல் கிரேஸி ஹார்ஸ் குழுவோடு பதிவுசெய்த 'சின்னமன் கேர்ள்'. இதற்கு டேப் தேடுகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டியது எண்களை அல்ல, மேலே எழுதியிருக்கும் ட்யூனிங்கை. முதல் தந்தியும் ஆறாம் தந்தியும் ஈ-யிலிருந்து டி-க்கு இறக்கப்பட்டிருக்கும். அதைக் கவனிக்காமல் வாசித்தால் ஒவ்வொரு எண்ணும் சரியாக இருந்தும் பாட்டு தப்பாகவே ஒலிக்கும். இறக்கிவிட்டால் கிட்டார் முழுவதும் டி என்ற ஸ்வரத்தை முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். அந்தத் தளத்தின்மேல் ரிஃப் கனமாக நடக்கும்.

அதிலே ஒரு சோலோ வருகிறது. கிட்டத்தட்ட ஒரே ஸ்வரம். டேப்பில் ஒரே எண் திரும்பத் திரும்ப வரிசையாக நிற்கும். பார்த்தால் அச்சுப்பிழை என்றுகூடத் தோன்றும். கேளுங்கள்: ஒருமுறை தந்தியைக் கடித்து இழுக்கிறார், ஒருமுறை தடவிவிடுகிறார், ஒருமுறை தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கி விழுகிறார். எந்த இரண்டும் ஒன்றுபோல் இல்லை. வலதுகையின் அழுத்தமும் கோணமும் தயக்கமும்தான் அங்கே இசை. டேப் இடதுகையின் எழுத்து. வலதுகையைப் பற்றி அதற்கு மிகக் குறைவாகவே தெரியும். கடினமான சோலோக்களைத் துரத்தும் மாணவர்களை இந்தப் பாட்டில் ஒரு வாரம் உட்கார வைக்கவேண்டும் என்று நான் எப்போதும் சொல்வேன். விரலுக்கு வேலையே இல்லை. மொத்த வேலையும் காதுக்குத்தான்.

இப்போது நேரம் என்ற கேள்விக்கு வருகிறேன். டொராண்டோ பியர்சன் விமானநிலையத்தின் குறியெழுத்து ஒய் ஒய் இசட். விமானிகளுக்காக அந்த மூன்று எழுத்துகளும் மோர்ஸ் ஒலியாக இடைவிடாமல் ஒலிபரப்பாகும். விமானத்தில் ஊர் திரும்பும்போது அதைக் கேட்ட ரஷ் குழுவினர் அந்தத் தாளத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 1981-இல் வெளியான 'மூவிங் பிக்சர்ஸ்' தட்டில், க்யூபெக் மாகாணத்து மோரின் ஹைட்ஸ் என்ற ஊரின் ஸ்டூடியோவில் பதிவான வாத்திய இசை அது. பெயரும் அதேதான்: ஒய் ஒய் இசட்.

தொடக்கத்தில் குழுவின் டிரம்மர் நீல் பியர்ட் சின்னஞ்சிறு வெண்கலத் தட்டுகளில் அந்தத் தாளத்தைத் தட்டுகிறார். பிறகு கிட்டாரும் கெடி லீயின் பேஸும் அதைப் பிடித்துக்கொள்கின்றன. டேப்பில் பார்த்தால் மாறி மாறிப் பெரும்பாலும் இரண்டே ஸ்வரங்கள்; சியும் எஃப் ஷார்ப்பும். எண்களை மட்டும் படிக்கிறவருக்கு அங்கே எதுவும் இல்லை. மோர்ஸைத் தெரிந்துகொண்டால் எல்லாம் இருக்கிறது. குறிலை ஒரு மாத்திரை என்றும் நெடிலை இரண்டு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒய் என்றால் நெடில், குறில், நெடில், நெடில்: ஏழு மாத்திரை. அடுத்த ஒய்யும் ஏழு. இசட் என்றால் நெடில், நெடில், குறில், குறில்: ஆறு. ஏழும் ஏழும் ஆறும் இருபது. நான்கு நான்காகப் பிரித்தால் ஐந்து அடிகள். ராக் இசைக்கு வழக்கமான நாலடித் தாளத்தில் கால் தட்டிக்கொண்டு இதை வாசிக்க முயன்றவர் மூன்றாவது சுற்றுக்குள் வழுக்கிவிழுவார். எழுத்தை வாயால் சொல்லிக்கொண்டே வாசித்தால் விழமாட்டார். சபையில் உள்ள இளைஞர்கள் இப்போதே தொடையில் தட்டிப் பாருங்கள். நெடில் குறில் நெடில் நெடில். ஆமாம், அதுதான்.

இணைய டேப்புகளின் தவறுகளைப் பற்றி நீண்ட நேரம் பேசலாம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1992 வாக்கில் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகக் கணினியில் ரசிகர்கள் எழுதிய டேப்புகளைச் சேர்க்கும் காப்பகம் உருவானது. இசை வெளியீட்டாளர்கள் உரிமைப் பிரச்சினை எழுப்பினார்கள். 2006-இல் அது மூடப்பட்டது. பாடலாசிரியருக்குக் கிடைக்கவேண்டிய பணம் கிடைக்கவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை; இன்று உரிமம் பெற்ற டேப்புகள் தாராளமாகக் கிடைக்கின்றன, வாங்குங்கள். ஆனால் முகம் தெரியாத ஒருவர் இரவெல்லாம் கேசட்டைச் சுற்றிச் சுற்றிக் கேட்டு, இன்னொரு முகம் தெரியாதவருக்காக எழுதிவைத்த அந்தப் பிழையான டேப்புகளில் ஓர் அன்பு இருந்தது. பிழை செய்தவர் காதால் கேட்டுப் பிழை செய்தார். அவரும் பிரோ வீட்டுத் திண்ணை மாணவர்தான்.

கடைசியாக ஜோனி மிட்செல். இவரை ராக் பட்டியலில் சேர்க்கலாமா என்று யாராவது கேட்பீர்கள். சேர்த்துத்தான் ஆகவேண்டும், கையைப் பற்றிப் பேசும் உரையில் இவரை விட்டால் உரையே இல்லை. மேற்குக் கனடாவின் சமவெளியில் வளர்ந்தவர். ஒன்பது வயதில் போலியோ தாக்கியது. பிழைத்துக்கொண்டார், இடதுகை பலவீனமாகவே இருந்தது. புத்தகத்தில் உள்ள கார்டுகளைப் பிடிக்க அந்தக் கை இடம் கொடுக்கவில்லை. அப்போது அவர் செய்ததுதான் அதிசயம்: கையை கிட்டாருக்கு வளைக்காமல் கிட்டாரைக் கைக்கு வளைத்தார். தந்திகளின் சுருதியை மாற்றி, ஒரு விரலை வைத்தாலே முழுக் கார்டு வரும்படி செய்தார். ஐம்பதுக்கும் மேற்பட்ட ட்யூனிங்குகள். வேறு யார் கையிலும் வராத அந்தக் கார்டுகள் பிறந்தது போலியோவால் பலவீனமான ஒரு கை தேடிய வழியிலிருந்து.

அவருடைய பாட்டுகளுக்கு முன்பு வந்த புத்தகங்கள் பலவற்றில் அவற்றைச் சாதாரண ட்யூனிங்குக்கு மாற்றி எழுதியிருந்தார்கள். ஸ்வரங்கள் ஏறக்குறைய சரி. இசை போயே போய்விட்டது. கிட்டார் உதவியாளராக இருந்த ஜோயல் பெர்ன்ஸ்டீன் அவருடைய ட்யூனிங்குகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு வைத்ததால்தான் அவை பிழைத்தன. ட்யூனிங்கை எழுத ஓர் அழகான முறை வழக்கில் இருக்கிறது. ஆறாம் தந்தியின் ஸ்வரத்தை எழுதுவார்கள். பிறகு ஐந்து எண்கள். ஒவ்வொரு எண்ணும், இந்தத் தந்தியை எத்தனையாவது ஃப்ரெட்டில் அழுத்தினால் அடுத்த தந்தியின் திறந்த ஒலி வரும் என்று சொல்கிறது. நம் சாதாரண ட்யூனிங் ஈ 5 5 5 4 5. 'பிக் யெல்லோ டாக்ஸி'யின் உருவம் 7 5 4 3 5. முதல் எழுத்து எதுவானாலும் அந்த ஐந்து எண்களும் மாறாமல் இருந்தால் கையின் வடிவமும் மாறாது. எண்கள் சுருதியைச் சொல்லவில்லை, தந்திகளுக்கு இடையே உள்ள உறவைச் சொல்கின்றன. டேப் என்ற சிந்தனை எட்டிய உச்சம் என்று இதைச் சொல்வேன்.

2015-இல் அவருக்கு மூளையில் ரத்தநாளப் பாதிப்பு ஏற்பட்டது. பேச்சு, நடை, கிட்டார் எல்லாம் போயின. மறுபடி எல்லாவற்றையும் கற்கவேண்டியிருந்தது. விரல்களை எங்கே வைப்பது என்பதைத் தம்முடைய பழைய நிகழ்ச்சிகளின் வீடியோக்களைப் பார்த்தே கற்றுக்கொண்டதாக அவரே பேட்டியில் சொன்னார். 2022 ஜூலையில், நியூபோர்ட் இசைவிழா மேடையில், எழுபத்தெட்டு வயதில், எலக்ட்ரிக் கிட்டாரை மாட்டிக்கொண்டு 'ஜஸ்ட் லைக் திஸ் ட்ரெய்ன்' பாட்டின் பகுதியைப் பாடாமல் வாத்தியமாகவே வாசித்தார். அந்தப் பதிவு கிடைக்கிறது. பாருங்கள்.

கேள்விகளுக்கு முன் ஜோனியின் அந்த 7 5 4 3 5 எப்படி ஒலிக்கும் என்று வாசித்துக் காட்டச் சொன்னார்கள். ஈ-யிலேயே வைத்துக்கொள்கிறேன், ஐந்தாம் தந்தியையும் நான்காவதையும் இரண்டு ஃப்ரெட் அளவுக்கும், மூன்றாவதை ஒரு ஃப்ரெட் அளவுக்கும் ஏற்றினால் போதும். ஒரு நிமிடம் கொடுங்கள், முறுக்கிவிட்டு வருகிறேன்.